வாசலில் ஒரு விலை, உள்ளே ஒரு விலை! லீவுக்குப் 'பார்க்' போகும் தாம்பரம் குடும்பங்களின் பர்ஸ் படும் பாடு

தாம்பரம்:-

அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். "எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா!" டிசம்பர் கடைசி வாரத்தில் கிளம்பும் இந்த நச்சரிப்பு, காணும் பொங்கல் முடிந்தால்தான் அடங்கும்.

கொஞ்ச காலம் முன்பு வரை இதற்குப் பதில் சுலபம். ஒன்று வண்டலூர், இல்லாவிட்டால் மெரினா. இப்போது அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்து, அங்கிருந்து திருப்போரூர் பக்கம் போனால் இள்ளலூரில் 'வொண்டர்லா' பொழுதுபோக்குப் பூங்கா வந்துவிட்டது. 2025 டிசம்பர் 2-ந்தேதி முதல் பொதுமக்களுக்கு அனுமதி. 64 ஏக்கருக்குச் சற்று மேல். 611 கோடி ரூபாய் முதலீடு. 43 விளையாட்டுச் சாதனங்கள். திறந்தபோது டிக்கெட் ரூ.1,489-ல் ஆரம்பம்.

பையனுக்கு இதெல்லாம் மனப்பாடம். ரோலர் கோஸ்டர் எத்தனை தடவை தலைகீழாகச் சுற்றும் என்பதுவரை சொல்கிறான். அப்பாவுக்குத் தெரிய வேண்டியது வேறு. நாலு பேர் போய்விட்டு வந்தால், மாசக் கடைசியில் வீட்டில் என்ன மிஞ்சும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். புருஷன், மனைவி, காலேஜ் போகும் மகன், பிளஸ்-2 படிக்கும் மகள். நாலுமே பெரியவர் டிக்கெட்தான். இள்ளலூர் பூங்காவில் திறப்பு விலைப்படி நாலு டிக்கெட் 5,956 ரூபாய். முன்கூட்டி எடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி, காலேஜ் அடையாள அட்டை காட்டினால் கொஞ்சம் தள்ளுபடி என்று உண்டு. அதே சமயம் லீவு நாளில் விலை ஏறுவதும் உண்டு. பிள்ளை சின்னதாக இருந்தால் இங்கெல்லாம் வயசு கேட்பதில்லை, உயரத்தை அளந்து பார்க்கிறார்கள். பஸ்ஸில் "அஞ்சு வயசுதாங்க ஆகுது" என்று கண்டக்டரிடம் சொல்லித் தப்பித்த பழைய வித்தை இங்கே பலிக்காது!

அதே குடும்பம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போனால்? 115 ரூபாயாக இருந்த பெரியவர் டிக்கெட் 2023-ல் 200 ரூபாய் ஆனது. அப்போதே "என்ன சார் இது, ஒரேயடியா!" என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அப்படியும் நாலு பேருக்கு 800 ரூபாய்தான். தாம்பரத்திலிருந்து மின்சார ரெயிலில் 5 ரூபாய் டிக்கெட்டில் வண்டலூர். வெள்ளைப் போர்டு டவுன் பஸ் கிடைத்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் அதுவும் இலவசம்.

வரி விஷயத்திலும் வித்தியாசம் இருக்கிறது. மிருகக்காட்சி சாலை நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டுக்கு 18 சதவீதம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இது 28 சதவீதமாக இருந்தது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றுவதைச் சூதாட்ட விடுதியோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள்! 2018 ஜனவரியில்தான் 18-க்கு இறக்கினார்கள். ஆக, ஆயிரம் ரூபாய் விலை வைத்தால் 180 ரூபாய் சர்க்காருக்கு.

இள்ளலூர் பூங்கா வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதற்கும் ஒரு வரிதான் காரணம். உள்ளாட்சிகள் வசூலிக்கும் 10 சதவீத கேளிக்கை வரியை நீக்கினால்தான் கட்டுவோம் என்றது கம்பெனி. கடைசியில் தமிழக அரசு 10 வருஷத்துக்கு விலக்குக் கொடுத்தது. அதன் பிறகுதான் வேலை சூடு பிடித்தது. வேலைவாய்ப்பு வரும், சுற்றுலா வளரும் என்பது அரசின் கணக்கு. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வரிச்சலுகை வாங்கிய இடத்தில், டிக்கெட் வாங்கி உள்ளே போகும் ஜனங்களுக்கும் ஏதாவது சலுகை எழுதி வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

வயிறுதான் வில்லன்

டிக்கெட் விலை வெளியே போர்டில் தெரிகிறது. கட்டுப்படியானால் போகலாம், இல்லாவிட்டால் திரும்பலாம். கணக்கை உடைப்பது அது அல்ல, சாப்பாடு.

கேளிக்கைப் பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பது ஊரறிந்த விஷயம். வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். வீட்டில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கிளறிய புளியோதரையும் வறுத்த உருளைக்கிழங்கும் அங்கேயே நின்றுவிடும். சுத்தம் கெடும், தண்ணீர்த் தொட்டியில் எச்சில் இலை மிதக்கும், குரங்கும் காக்காயும் சேரும் என்று காரணம் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முழுக் காரணம் அது இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். டிக்கெட்டை ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் விற்க முடியும். பசி மூன்று தடவை வரும்!

பூங்கா நடத்துகிறவன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவனுக்கு வருஷத்தில் கூட்டம் சேரும் நாட்கள் கொஞ்சம்தான். கோடை லீவு, தீபாவளி, கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை, மற்றபடி சனி, ஞாயிறு. ஜூலை மாச செவ்வாய்க்கிழமையில் ஈ ஓட்டினாலும் கரண்ட் பில்லும் சம்பளமும் நிற்காது. அதனால்தான் லீவு நாளில் டிக்கெட் விலை ஏறுகிறது. அதனால்தான் கியூவில் நிற்காமல் போக இன்னொரு தனி டிக்கெட் விற்கிறார்கள். பெருமாள் கோவில் சிறப்பு தரிசனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சினிமா தியேட்டருக்குள் வெளிச் சாப்பாடு கொண்டு போகலாமா என்ற வழக்கில் 2023 ஜனவரி 3-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. காஷ்மீரத்திலிருந்து போன வழக்கு. தியேட்டர் தனியார் சொத்து, வெளிச் சாப்பாடு கூடாது என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதே தீர்ப்பில் இரண்டு விஷயம் உண்டு. சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டிய ஆகாரத்தைப் பெற்றோர் கொண்டு போகத் தடை கூடாது.

அது தியேட்டர் வழக்கு. மூன்று மணி நேரம் குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கே இலவசத் தண்ணீர் என்றால், காலை முதல் மாலை வரை வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்கு எவ்வளவு அவசியம்! ஆகவே எந்தப் பூங்காவாக இருந்தாலும் உள்ளே போனதும் "குடிதண்ணிக் குழாய் எங்கே இருக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

14 ரூபாய் தண்ணீர்

தாம்பரம் ரெயில்வே பிளாட்பாரத்தில் ஒரு லிட்டர் 'ரெயில் நீர்' 14 ரூபாய். 2025 செப்டம்பரில் பாட்டில் தண்ணீருக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது 15 ரூபாயிலிருந்து ஒரு ரூபாய் இறங்கியது. இந்தத் தண்ணீரை நிரப்பும் ஆலைகளில் ஒன்று நம் செங்கல்பட்டு பக்கம் பாலூரில்தான் இருக்கிறது. நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு பாட்டில் என்றாலும் 112 ரூபாயோடு முடிந்தது.

பூங்காக் கடைகளில்? பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாமா என்பது நெடுநாள் தகராறு. ஒரே சரக்குக்கு கடையில் ஒரு விலை, விமான நிலையத்தில் ஒரு விலை என்று இரண்டு விதமாக அச்சடிக்கும் தந்திரம் 2018 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான், 2017 டிசம்பர் 12-ந்தேதி, ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறினால் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மேஜை, நாற்காலி, மின்விசிறி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்த சேவை அது என்பது காரணம்.

பெட்டிக்கடை மாதிரி ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டிவிட்டுக் காசு வாங்குவது எந்த விதத்தில் 'பரிமாறுவது' ஆகும்? எங்கள் பார்வையில் அது கடைதான். கடை என்றால் அச்சடித்த விலைதான். கூடுதலாகக் கேட்டால் பில் கேளுங்கள். பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பில் கேட்டவுடனே விலை இறங்குகிற அதிசயமும் நடக்கும்.

உட்கார்ந்து சாப்பிட்டால் சாப்பாட்டு பில்லில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி தெரிந்தால், அது வரி அல்ல. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச் 28-ந்தேதி டெல்லி ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. மனம் இருந்தால் 'டிப்ஸ்' கொடுங்கள். கட்டாயம் இல்லை.

பகல் 11.45-க்கு சாப்பிடுங்கள்!

கூட்ட நாளில் பூங்காவை 'ஜெயிக்க' ஒரு யுக்தி உண்டு. உதாரணத்துக்கு ஒரு ராட்டினத்தில் 24 பேர் ஏறலாம், ஏறி, சுற்றி, இறங்க 4 நிமிஷம் என்று வையுங்கள். மணிக்கு 360 பேர்தான் சுற்ற முடியும். முன்னால் 720 பேர் நின்றால் உங்கள் முறை வர 2 மணி நேரம். கூட்டம் கத்தினாலும் ராட்டினம் வேகமாகச் சுற்றாது. ஆகவே பெரிய ராட்டினங்களைக் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். தண்ணீர் விளையாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். எல்லாருக்கும் பசி பன்னிரண்டரைக்கு மேல் வரும். ஒன்றரை வரை தட்டு பிடிக்கவே சண்டை. நீங்கள் 11.45-க்கே உட்கார்ந்து எழுந்துவிட்டால், மற்றவர்கள் சாப்பாட்டுக் கியூவில் நிற்கும்போது ராட்டினக் கியூ குறைந்திருக்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தாம்பரத்திலேயே இட்லி, பொங்கல் என்று ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்பினால் உள்ளே ஒரு வேளைச் செலவு மிச்சம். வயிறு முட்டத் தின்றுவிட்டு நேரே ரோலர் கோஸ்டரில் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"பார்க் போறதுக்கு இத்தனை பிளானா?" என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் புளோரிடா டிஸ்னி பூங்காவில் சாப்பாட்டு மேஜைக்கே 60 நாள் முன்பு ரிசர்வ் செய்கிறார்கள்! அந்த டிஸ்னியின் முதல் பூங்கா 1955 ஜூலை 17-ந்தேதி கலிபோர்னியாவில் திறந்தபோது நடந்த கூத்து பிரசித்தம். கள்ள டிக்கெட் அடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே புகுந்தார்கள். சாப்பாடு தீர்ந்தது. குழாய் வேலைக்காரர்கள் ஸ்டிரைக்கால் குடிதண்ணீர்க் குழாய்கள் பல வேலை செய்யவில்லை. வெயிலோ நெருப்பு. குளிர்பானம் விற்பதற்காகவே குழாயை மூடிவிட்டார்கள் என்று ஜனங்கள் திட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 அக்டோபர் 6-ந்தேதி மெரினாவில் விமானப் படை சாகசம். ஞாயிற்றுக்கிழமை. தாம்பரம், வேளச்சேரி பக்கமிருந்தெல்லாம் ரெயில் ரெயிலாகக் கூட்டம். நிழல் இல்லை, தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஜனங்கள் தவித்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் உயிரிழந்தார்கள். இலவசக் காட்சிதான். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தாம்பரத்துக்கு இது புதுசு அல்ல

பூங்கா பார்த்துப் பழகிய ஊர்தான் நம் ஊர். மலையாளப் படவுலகின் நவோதயா அப்பச்சன் 1990-களில் தாம்பரத்தில் தொடங்கிய 'கிஷ்கிந்தா' ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் சொர்க்கம். பள்ளிக்கூட டூர் என்றாலே கிஷ்கிந்தாதான். 2016 மே மாதம் அங்கே புது ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது விபத்து. ஊழியர் ஒருவர் பலியானார். பலர் காயமடைந்தனர். அதன் பழைய பொலிவு அதோடு போயிற்று. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் பக்கம் 'குயின்ஸ்லேண்ட்' பூங்காவில் மேலிருந்து இறங்கும் ராட்டினத்தின் கம்பி அறுந்து ஜனங்கள் அலறிய வீடியோ ஊரெல்லாம் பரவியது. 2025 மே 27-ந்தேதி ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்று, 30-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க, தீயணைப்புப் படையினர் வந்து இறக்கினார்கள். அது கோடை லீவு. ஆகவே ராட்டினத்தில் ஏறுமுன் இடுப்புப் பட்டை 'கிளிக்' என்று பூட்டியதா என்று நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். பையன் "சும்மா இருப்பா" என்று முறைப்பான். முறைக்கட்டும்.

(வி.ஜி.பி. என்றதும் ஒரு ஞாபகம். தவணை முறையில் ரேடியோவும் மின்விசிறியும் விற்றுப் பேர் வாங்கியவர்கள் அவர்கள். இன்றைய டிக்கெட் விலைகளைப் பார்த்தால் பூங்காவுக்கும் தவணை முறை வந்தால் தேவலை போலிருக்கிறது!)

உயிர் காலேஜ் முதல் வண்டலூர் வரை

கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இன்றும் வண்டலூர்தான் கதி. பட்டணத்து மிருகக்காட்சி சாலைக்கு வயசு 170-ஐத் தாண்டிவிட்டது. 1855-ல் அருங்காட்சியகத் தலைவர் எட்வர்ட் பால்பர் தொடங்கியது. பிறகு சென்டிரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. காணும் பொங்கலுக்குக் கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். இடம் போதாமல் வண்டலூர் காப்புக்காட்டுக்கு மாற்றி, 1985 ஜூலை 24-ந்தேதி முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் எரிந்ததும் அதே வருஷம்தான். 602 ஹெக்டேர், அதாவது சுமார் 1,490 ஏக்கர். இள்ளலூர் பூங்காவைப் போல 23 பங்கு!

கூட்டத்தைத் தாங்க அந்த விஸ்தீரணம்தான் உதவுகிறது. காணும் பொங்கலன்று மரத்தடியில் ஜமக்காளம் விரித்து தூக்குச் சட்டியைத் திறக்கும் குடும்பங்களைப் பார்த்தால், வந்தது புலியைப் பார்க்கவா, புளியோதரைக்கா என்று சந்தேகம் வரும். பிளாஸ்டிக் பைக்கும் பாட்டிலுக்கும் கெடுபிடி உண்டு. எவர்சில்வர் தூக்கும் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் தகராறு இருக்காது. செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. பொங்கல் வாரத்தில் செவ்வாய் வந்தால் திறந்து வைப்பது வழக்கம் என்றாலும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. செல்போனிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். கவுண்ட்டர் கியூவில் குழந்தையோடு நிற்க வேண்டாம். குழந்தை கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுவார்கள். கட்டாவிட்டால் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். 1,490 ஏக்கரில் ஒரு பிள்ளையைத் தேடுவது விளையாட்டு இல்லை.

ரோடுதான் பெரிய ராட்டினம்

எங்கே போவதானாலும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து பண்டிகைக் கூட்டத்தின் கழுத்து இங்கேதான். பொங்கலுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மாலையில் பட்டணமே ஊருக்குக் கிளம்பி இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று வரிசை கட்டி நிற்கும். பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அதே கூட்டம் திரும்பும். அந்த நேரத்தில் பூங்காவிலிருந்து வெளியே வருகிறவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டில் கண்டிகை, மாம்பாக்கம் வளைவுகளில் கார் நகராது, பின் சீட்டில் பிள்ளைகள் அழும்.

மின்சார ரெயிலை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்டிகை நாளில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓட்டுவது தெற்கு ரெயில்வேயின் வழக்கம். வண்டிகள் குறைவு, இடைவெளி அதிகம். வண்டலூர் பூங்கா சாயங்காலம் 5 மணிக்கு மூடும்போது மொத்தக் கூட்டமும் ஒரே பிளாட்பாரத்துக்கு வந்து சேரும். பிள்ளைகள் "இன்னும் கொஞ்ச நேரம்ப்பா" என்று கெஞ்சினாலும் 4 மணிக்கே வாசலை நோக்கி நடையைக் கட்டினால் உட்கார்ந்து வீடு வந்து சேரலாம்.